ஏற்காட்டிலிருந்து மலேசியாவுக்குத் தனியாகப் போகும் பெண்: எதையெல்லாம் முன்கூட்டியே பார்த்துக்கணும்?

மிளகுக்கொடி_ஏற்காடு

வணக்கம்ங்க. டிசம்பர் ரெண்டாவது வாரம் மலேசியா போகலாம்னு இருக்கேன், தனியாத்தான். வயசு 24, முதல் வெளிநாட்டுப் பயணம். கோலாலம்பூர்ல 4 ராத்திரி, பினாங்குல 3 ராத்திரி. திருச்சியிலிருந்து நேர் விமானம் பார்த்து வச்சிருக்கேன், இன்னும் டிக்கெட் போடல.

வீட்ல ஒருவழியா சம்மதம் வாங்கியாச்சு. ஆனா "பத்திரமா போயிட்டு வா"ங்கிறதைத் தாண்டி யாருக்கும் ஒண்ணும் சொல்லத் தெரியல. அந்த "பத்திரமா"வுக்குள்ள என்னென்ன இருக்குன்னு தெரிஞ்சா போதும். விமானம் எந்த நேரத்துக்குப் போடுறது, இமிக்ரேஷன்ல தனியா வர்ற பொண்ணுகிட்ட என்ன கேப்பாங்க, ரூம் எப்படிப் பார்த்து எடுக்கிறது, ரோட்ல எதுக்குப் பயப்படணும் எதுக்கு வேண்டாம், ஏதாவது ஆயிட்டா முதல் போன் யாருக்கு? "போகாதீங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க. அதைச் சொல்ல எங்க தெருவிலேயே ஆள் இருக்கு.

சுங்கச்சாவடி_636

விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, அங்கே இறங்குற நேரத்தைப் பாருங்க. பயணத்துலயே நாம ரொம்ப பலவீனமா இருக்கிறது முதல் மூணு மணி நேரம்தான். தூக்கம் இல்ல, போன்ல சார்ஜ் இல்ல, சிம் இல்ல, கையில எல்லாப் பணமும் இருக்கு, ஊர் தெரியாது.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 4 மணி நேரம். மலேசியா நம்மளவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுது. இங்கே சாயங்காலம் 5 மணி விமானம் ஏறினா அங்கே இறங்கும்போது ராத்திரி 11.30. இமிக்ரேஷன் வரிசை, பெட்டி எல்லாம் முடிஞ்சு வெளியே வர்றப்ப நடுராத்திரி தாண்டிடும். இதுதான் மோசமான நேரம். அதே இங்கே ராத்திரி 11 மணிக்கு ஏறினா அங்கே விடிகாலை 5.30. வெளியே வர்றப்ப விடியற நேரம் ஆகியிருக்கும், ரயில் ஓடும். ரூம் மதியம்தான் தருவாங்க, ஆனா பெட்டியை ரிசப்ஷன்ல வாங்கி வச்சுக்குவாங்க. காலையில கிளம்பி மதியம் இறங்குற விமானம் கிடைச்சா இன்னும் நல்லது.

மலையிலிருந்து இறங்குறதையும் கணக்குல வைங்க. டிசம்பர் மழையில 20 கொண்டை ஊசி வளைவுல எங்கேயாவது ஒரு மரம் விழுந்தா போதும், பாதி நாள் போயிடும். முந்தின நாளே சேலம் இறங்கித் தங்கிடுங்க. சேலத்திலிருந்து திருச்சி சுமார் 140 கிலோமீட்டர், நாமக்கல், முசிறி வழியா பஸ்ல மூணரை மணி நேரம் வைங்க. திருச்சியில அந்த பஸ் எங்கே விடும், சத்திரமா, மத்திய பேருந்து நிலையமா, பஞ்சப்பூரான்னு ஏறும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. விமான நிலையத்துல 3 மணி நேரம் முன்னாடி இருக்கணும்.

அடுத்து இமிக்ரேஷன். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரைக்கும் மலேசியாவுல விசா வேண்டாம். டிக்கெட் போடுற அன்னைக்கு இது அப்படியே இருக்கான்னு ஒருதரம் பார்த்துக்கோங்க. விசா இல்லைங்கிறதால யார் வேணும்னாலும் உள்ளே போயிடலாம்னு அர்த்தம் இல்ல. அந்த முடிவு கவுண்டர்ல இருக்கிற அதிகாரியோட கையில. சுற்றுலான்னு சொல்லிப் பெண்களை வேலைக்குக் கடத்துற ஏஜென்டுகள் இருக்கிறதால, தனியா வர்ற இளம்பெண்ணை நம்ம பக்கமும் கேப்பாங்க, அந்தப் பக்கமும் கேப்பாங்க. அவங்களுக்குத் திருப்தி இல்லைன்னா "நாட் டு லேண்ட்"னு முடிவு பண்ணி, ஒரு அறையில உட்கார வச்சு அடுத்த விமானத்துல திருப்பி அனுப்பிடுவாங்க.

கையில காகிதமா இருக்க வேண்டியது: திரும்பி வர்ற டிக்கெட், 7 ராத்திரிக்கும் ரூம் புக்கிங் (ரெண்டு நாளைக்கு மட்டும் போட்டுட்டு "மீதியை அங்கே போய்ப் பார்த்துக்குவேன்"னு சொல்றது தப்பான பதில்), வேலை பார்க்கிற இடத்து லீவு லெட்டர், மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், இன்சூரன்ஸ். போன்ல இருக்குன்னு நம்பாதீங்க, அந்த நேரம் பார்த்து நெட் வராது. பாஸ்போர்ட் போற தேதியிலிருந்து 6 மாசமாவது செல்லணும்.

மலேசிய டிஜிட்டல் வருகை அட்டைன்னு ஒண்ணு இருக்கு, எம்டிஏசி-ன்னு சொல்வாங்க. போய் இறங்குறதுக்கு முந்தின 3 நாளுக்குள்ள ஆன்லைன்ல நிரப்பணும். இதுக்குப் பைசா கிடையாது. தேடினா முதல்ல வர்ற தளங்கள்ல பல, கார்டு நம்பர் கேட்டு டாலர்ல வாங்கிடும். முகவரியில "ஜிஓவி டாட் எம்ஒய்" இல்லைன்னா மூடிட்டு வெளியே வாங்க.

கேள்விக்குப் பதில் சின்னதா இருக்கட்டும். "சுற்றுலா. 8 நாள். கோலாலம்பூர், பினாங்கு. இந்த ஹோட்டல். இந்தத் தேதி திரும்புறேன்." தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு கேட்டா உண்மையைச் சொல்லுங்க. இல்லாத மாமாவை உண்டாக்கினா, அவர் நம்பரைக் கேப்பாங்க.

அஸ்தம்பட்டி_அக்கா

மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் ரூம் பத்தி மட்டும் சொல்றேன்.

தேடும்போது விலை, போட்டோ ரெண்டையும் விட்டுட்டு விமர்சனங்களுக்குள்ள போங்க. அதுவும் குறைஞ்ச மதிப்பெண் கொடுத்தவங்க எழுதினதை மட்டும். பூட்டு, கதவு, ராத்திரி, பெண்கள்னு வார்த்தை போட்டுத் தேடலாம். "காலை டிபன் சரியில்ல"ன்னு பத்து பேர் திட்டியிருந்தா கவலை இல்ல. "யாரோ கதவைத் தட்டினாங்க"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தாலும் அடுத்த இடம் பாருங்க. ரிசப்ஷன்ல 24 மணி நேரமும் ஆள் இருக்கணும். சாவியை ஒரு பெட்டியில வச்சிட்டு நம்பர் அனுப்புற அபார்ட்மென்ட் வகை முதல் பயணத்துக்கு வேண்டாம். பெண்களுக்கு மட்டுமான டார்மிட்டரி பரவாயில்ல, ஆனா லாக்கருக்குப் பூட்டு நீங்களே கொண்டு போகணும்.

கோலாலம்பூர்ல கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி எடுங்க. விமான நிலையத்திலிருந்து கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் நேரா அங்கேதான் வருது: டெர்மினல் 1-லிருந்து 28 நிமிஷம், டெர்மினல் 2-லிருந்து 33 நிமிஷம். டிக்கெட் 55 ரிங்கிட், கொஞ்சம் கூடத்தான். பஸ் இதைவிட ரொம்ப மலிவு, ஆனா முதல் நாள் இந்தக் காசைக் கணக்குப் பார்க்காதீங்க. பக்கத்துல இருக்கிற பிரிக்ஃபீல்ட்ஸ்ல தமிழ்க் கடைகளும் சாப்பாடும் கிடைக்கும்.

ரிசப்ஷன்ல ரூம் நம்பரைச் சத்தமா சொன்னாங்கன்னா, "வேற ரூம் கொடுங்க, நம்பரை எழுதிக் கொடுங்க"ன்னு கேளுங்க. இது அங்கே யாரும் தப்பா நினைக்காத விஷயம். தரைத்தளம் வேண்டாம், ஜன்னல் கைக்கு எட்டும். மூணாவது மாடிக்கு மேல, ஆறுக்குள்ள இருந்தா தீ விபத்துன்னாலும் ஏணி எட்டும். உள்ளே போனதும் பெட்டியைக் கதவுக்கு இடையில நிறுத்தி, கதவைத் திறந்து வச்சுட்டே பாத்ரூம், அலமாரி, திரைக்குப் பின்னாடி பாருங்க. அப்புறம்தான் கதவைச் சாத்தணும். பக்கத்து ரூமுக்குப் போற உள்கதவு இருந்தா தாழ்ப்பாள் நம்ம பக்கம் விழுதான்னு பாருங்க. கதவுல இருக்கிற பார்வைத் துளையில டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி அடைச்சிடுங்க.

ஒரு ரப்பர் ஆப்பு வாங்கிக்கோங்க, கதவு நிறுத்தின்னு ஹார்டுவேர் கடையில கேட்டா கொடுப்பாங்க. வாங்குறவங்கள்ல பாதி பேர் அதைத் தப்பாத்தான் வைக்கிறாங்க. கதவு உள்பக்கமா திறக்கிறதா இருந்தா மட்டும்தான் அது வேலை செய்யும். கீல் இருக்கிற பக்கம் வச்சா பிரயோஜனம் இல்ல, கைப்பிடி இருக்கிற ஓரத்துல மெல்லிய முனையைச் செருகி, குதிகாலால ஒரு தட்டுத் தட்டணும். டைல்ஸ்ல தூசி இருந்தா வழுக்கிட்டுப் போகும், அதனால அந்த இடத்தை ஈரத்துணியால துடைச்சு, காய்ஞ்சதும் வைங்க. தடிமனான முனையில ஒரு கயிறு கட்டி வச்சுக்கோங்க. தீ அலாரம் அடிச்சா இருட்டுல குனிஞ்சு தேடாம ஒரே இழுப்புல எடுத்துடலாம்.

ரகசியக் கேமரான்னு எல்லாரும் பயமுறுத்துவாங்க. கண்ணாடியில விரலை வச்சு இடைவெளி பார்க்கிற வித்தை வாட்ஸ்அப்ல சுத்துது, அதை நம்பாதீங்க. கண்ணாடி தயாரிப்பைப் பொறுத்து அது மாறும். கட்டிலையும் குளிக்கிற இடத்தையும் பார்த்த மாதிரி இருக்கிற பொருளைப் பாருங்க: புகை உணர்கருவி, கடிகாரம், தேவையில்லாத இடத்துல செருகி வச்ச சார்ஜர். விளக்கை அணைச்சிட்டு, போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்துல பிடிச்சு மெதுவா அடிச்சா லென்ஸ் புள்ளியா மின்னும். சந்தேகமா இருந்தா தொடாம போட்டோ எடுத்துட்டு, வெளியே வந்து போலீசுக்கே நேரா சொல்லுங்க. ரிசப்ஷன்ல சொன்னா நீங்க வர்றதுக்குள்ள அது காணாமப் போயிடலாம்.

மிளகுக்கொடி_ஏற்காடு

ரொம்ப நன்றிங்க. ராத்திரி 11 மணி விமானமே பார்க்கிறேன். இன்னும் ரெண்டு சந்தேகம். பெப்பர் ஸ்ப்ரே பெட்டியில வச்சு எடுத்துட்டுப் போகலாமா? அப்புறம், அம்மா மணிக்கு ஒருதரம் போன் பண்ணச் சொல்றாங்க. எடுக்கலைன்னா பதறிடுவாங்க. இதுக்கு என்ன ஏற்பாடு பண்றது?

கொலுசுப்பட்டறை

ஸ்ப்ரே வேண்டாம். சர்வதேச விமான விதிப்படி கைப்பையிலயும் கூடாது, சரக்குப் பெட்டியிலயும் கூடாது. சிங்கப்பூர் மாதிரி இடத்துல அது ஆயுதக் கணக்கு, சும்மா விடமாட்டாங்க. அதுக்குப் பதிலா ஊசியை இழுத்தா அலறுற சின்ன அலாரம் கிடைக்கும், சாவிக்கொத்து அளவுதான். பைக்குள்ள போட்டு வச்சா பிரயோஜனம் இல்ல, பட்டையில வெளியே தொங்கணும். புறப்படுறதுக்கு முன்னாடி ஒருதரம் இழுத்துப் பாருங்க. பேட்டரியில ஒரு பிளாஸ்டிக் தாள் சொருகி விப்பாங்க, அதை எடுக்காமலே கொண்டு போறவங்க உண்டு.

கோலாலம்பூர்ல அன்றாடம் கவனமா இருக்க வேண்டியது பைக்ல வந்து பையைப் பறிக்கிறவங்ககிட்ட. அங்கேயும் நம்ம ஊர் மாதிரி இடதுபக்கம்தான் வண்டி ஓடும். அதனால ரோட்டோட வலது ஓரமா, எதிர்ல வர்ற வண்டியைப் பார்த்த மாதிரி நடங்க. பை ரோட்டுப் பக்கம் இல்லாம வலது தோள்ல, கடைப் பக்கமா இருக்கட்டும். பட்டையைக் கையில சுத்திக்காதீங்க. இழுத்தா பையோட நீங்களும் ரோட்ல தேய்ஞ்சிட்டுப் போவீங்க, இந்தக் கொள்ளையில பெரிய காயம் படுறது இப்படித்தான். இழுத்தா விட்டுடுங்க. மேப் பார்க்கணும்னா ஒரு கடைக்குள்ள போய் நின்னு பாருங்க, ரோட்டோரம் போனை நீட்டிக்கிட்டு நிக்காதீங்க. கழுத்துச் செயினை வீட்லயே வச்சிட்டுப் போங்க. வெள்ளிக் கொலுசு போட்டுட்டுப் போனா யாரும் திரும்பிப் பார்க்கப் போறதில்ல. (நம்ம ஊர்ச் சரக்கை விட்டுக்கொடுக்க முடியுமா!)

வண்டின்னா கிராப் மட்டும், நம்ம ஊர் ஓலா மாதிரி ஆப்ல கூப்பிடுற டாக்ஸி. விமான நிலையத்துக்குள்ள "டாக்ஸி, டாக்ஸி"ன்னு பக்கத்துல வந்து கூப்பிடுறவங்க பின்னாடி போகாதீங்க. கிராப் வந்ததும் நம்பர் பிளேட்டைப் பாருங்க. "யாருக்காக வந்திருக்கீங்க"ன்னு அவரைப் பேர் சொல்ல வைங்க, உங்க பேரை நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க. டிரைவர் வலதுபக்கம் உட்கார்ந்திருப்பார், நீங்க பின்சீட்ல இடதுபக்கம். அவர் கை எட்டாது, இறங்கினா நடைபாதை. கதவைச் சாத்துறதுக்கு முன்னாடி அதோட ஓரத்துல, பூட்டுக்குக் கீழே, குழந்தைப் பூட்டுன்னு ஒரு சின்ன நெம்பு இருக்கும். அது போட்டிருந்தா உள்ளிருந்து திறக்காது. ஏறும்போதே விரலால தட்டிப் பார்த்துடலாம். போற வழியை ஆப்லயே வீட்டுக்கு ஷேர் பண்ணிடுங்க. இறங்குறது ஹோட்டல் வாசல்லதான்னு இல்ல, பக்கத்துக் கடை வாசலா இருந்தாலும் சரி.

கேடிஎம் கொம்யூட்டர் ரயில்ல பெண்களுக்குன்னு தனிப் பெட்டி இருக்கு, 2010-லிருந்தே. ரயிலோட நடுவுல, இளஞ்சிவப்பு அடையாளத்தோட இருக்கும். "வனித்தா"ன்னு எழுதியிருக்கும், நம்ம வனிதைதான். கழிப்பறையிலயும் அதே வார்த்தை. பத்துமலைக்கு அந்த ரயில்லயே போயிடலாம். 272 படி, கூட்டம் இருக்கிற காலை நேரத்துல ஏறிடுங்க. குரங்கு ஏற்காட்டுக் குரங்குதான், பிளாஸ்டிக் பை கையில இருந்தா வாங்கிட்டுப் போயிடும்.

இன்னொண்ணு, இதை அழுத்திச் சொல்றேன். தமிழ் பேசுறாங்கங்கிறதே ஒரு சான்று இல்ல. வழி கேக்கலாம், சாப்பாடு கேக்கலாம், பேசலாம். ஆனா "திருச்சிக்குத்தானே போறீங்க, இந்தப் பொட்டலத்தை வெளியே ஒருத்தர் வாங்கிக்குவார்"னு யார் கொடுத்தாலும் தொடாதீங்க. தங்கம் கடத்த ஆளைப் பிடிக்கிற குருவி வேலை இப்படித்தான் ஆரம்பிக்கும். தனியா போற இளம்பெண்ணைச் சந்தேகப்பட மாட்டாங்கன்னு அவங்க கணக்கு. இங்கிருந்து போகும்போதும் அதேதான், "மாத்திரை, ஊறுகாய்"னு கொடுத்தாலும். உள்ளே போதைப்பொருள் இருந்தா மலேசியச் சட்டத்துல மரண தண்டனை வரைக்கும் போகும். உங்க பெட்டியை நீங்களே கட்டுங்க, நீங்களே பூட்டுங்க. அங்கே வேலை வாங்கித் தர்றேன்னு சொல்றவங்களும் இதே ரகம். சுற்றுலா அனுமதியில வேலை பார்க்கிறது குற்றம். பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டாங்கன்னா போலீசுக்குப் போகவும் பயந்து நிப்பீங்க.

செவ்வாய்ப்பேட்டை_கணக்கு

அம்மா விஷயத்துக்கு வழி இருக்கு. மணிக்கு ஒருதரம்னு ஒத்துக்காதீங்க. ரெண்டாவது நாளே ஒரு போன் தவறும், வீடு ரெண்டாயிடும். ஒரு நாளைக்கு ரெண்டு நேரம் வைங்க: மலேசிய நேரம் காலை 9 (நமக்கு 6.30), ராத்திரி 9 (நமக்கு சாயங்காலம் 6.30). ரூம்ல இருந்து ஒரு வரி செய்தி போதும். செய்தி வரலைன்னா வீட்ல என்ன செய்யணும்னு ஒரு தாள்ல எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டிடுங்க. ஒரு மணி நேரம் காத்திருக்கணும், அப்புறம் உங்க நம்ம ஊர் நம்பர், மலேசிய நம்பர் ரெண்டுக்கும் கூப்பிடணும், ரெண்டு மணி நேரம் ஆனா ஹோட்டலுக்கு, நாலு மணி நேரம் ஆனா கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்துக்கு. தூதரகம் மோன்ட் கியாரா பகுதியில இருக்கு. அதோட அவசர நம்பரை அவங்க தளத்துலயே பார்த்து எழுதுங்க, யாரோ அனுப்பினதை வேண்டாம். வெளியுறவு அமைச்சகத்தோட "மதத்" இணையதளத்துலயும் புகார் பதியலாம்.

லொகேஷன் ஷேர் பண்றதுல ஒரு ஓட்டை இருக்கு. வாட்ஸ்அப்ல அதிகபட்சம் 8 மணி நேரம்தான், அப்புறம் தானா நின்னுடும். வீட்ல "நின்னு போச்சே"ன்னு பதறுவாங்க. கூகுள் மேப்ல "நான் நிறுத்தும் வரை"ன்னு ஒரு தேர்வு இருக்கு, அதைப் போடுங்க. பார்க்க ஒருத்தரோ ரெண்டு பேரோ போதும். இன்ஸ்டாவுல போட்டோ போடுறதா இருந்தா, அந்த இடத்தை விட்டுக் கிளம்பின அப்புறம் போடுங்க.

ரகசிய வார்த்தை ஒண்ணு வச்சுக்கோங்க. "தட்டுவடை செட் சாப்பிடணும் போல இருக்கு"ன்னு போன்ல சொன்னா, பக்கத்துல ஆள் இருக்கு, வெளிப்படையாப் பேச முடியல, உதவி வேணும்னு அர்த்தம். சேலத்துப் பொண்ணு இதைச் சொன்னா யாருக்கும் சந்தேகம் வராது. அதனாலேயே சும்மா பேச்சுவாக்குல அதைச் சொல்லிடாதீங்க, எட்டு நாளைக்குத் தட்டுவடையை மறந்துடுங்க.

சிம், பணம். நம்ம ஊர் சிம்மைக் கழட்டி வீட்ல வைக்காதீங்க. பேங்க் ஓடிபி அதுக்குத்தான் வரும். கிளம்புறதுக்கு முன்னாடி இன்டர்நேஷனல் ரோமிங் ஆன் பண்ணி, டேட்டா ரோமிங்கை மட்டும் ஆஃப் பண்ணுங்க. பொதுவா எஸ்எம்எஸ் வந்து விழுறதுக்குக் காசு இல்ல. நெட்டுக்கு அங்கே விமான நிலையத்துலயே பாஸ்போர்ட் காட்டி உள்ளூர் சிம் வாங்குங்க, கடையை விட்டு நகர்றதுக்கு முன்னாடி நெட் ஓடுதான்னு பாருங்க. சிம்முக்குப் பின் நம்பர் போட்டு வைங்க. போனைத் திருடினவன் சிம்மை வேற போன்ல போட்டா, உங்க ஓடிபி எல்லாம் அவனுக்குப் போகும். திரைப் பூட்டு இதைத் தடுக்காது.

டெபிட் கார்டுல வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் ஆஃப்ல இருக்கும், 2020-லிருந்து ரிசர்வ் பேங்க் விதி அப்படி. பேங்க் ஆப்ல ஆன் பண்ணி, ஒரு நாள் வரம்பைக் குறைச்சு வைங்க. ரெண்டு கார்டு, ரெண்டு இடத்துல: ஒண்ணு பையில, ஒண்ணு பூட்டின பெட்டியில. பணமும் அப்படியே. பர்ஸ்ல அன்னன்னைக்குச் செலவுக்கு மட்டும். கார்டு மெஷின் "ரூபாயிலா, ரிங்கிட்டிலா"ன்னு கேட்டா ரிங்கிட்டைத் தொடுங்க, ரூபாய்ன்னா மாற்று விகிதத்துல நல்லா தீட்டிடுவாங்க.

பலரும் கோட்டை விடுறது இது: பேங்க், இன்சூரன்ஸ் கம்பெனிகளோட 1800 நம்பர் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து போகாது. அவங்களோட +91 நம்பரை இப்பவே வாங்கி எழுதி வைங்க. வீட்டு நம்பரையும் +91 போட்டுச் சேமிங்க. முக்கியமான நாலு நம்பரைத் தாள்ல எழுதி பர்ஸ்லயும் பெட்டியிலயும், ரெண்டு இடத்துல வைங்க, போன் உறைக்குள்ள வேண்டாம். போன் போனாத்தான் அந்த நம்பர் தேவைப்படும், அப்ப போன் உறையும் சேர்ந்துதானே போயிருக்கும்.

பவர் பேங்க் கைப்பையிலதான் வரணும். 20,000 எம்ஏஎச் வரைக்கும் பிரச்சினை இல்ல. பிளக் அங்கே சதுரக் கால் மூணு முனை, அடாப்டர் இங்கேயே வாங்கிடுங்க.

மலைக்காற்று_செவிலி

இதை எழுதாம விட்டா நல்லா இருக்கும்னு தோணும், ஆனா எழுதித்தான் ஆகணும்.

மலேசியாவுல போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எல்லாத்துக்கும் 999. மொபைல்ல 112 அடிச்சாலும் அங்கேதான் போகும். பாலியல் தொல்லை, அடிதடி, துன்புறுத்தலுக்கு "தாலியான் காசே"ன்னு 24 மணி நேர அரசு உதவி எண் இருக்கு, 15999. போன்ல அவசர எஸ்ஓஎஸ்-ஐ முன்னாடியே செட் பண்ணுங்க. பல ஆண்ட்ராய்டு போன்ல பவர் பட்டனை 5 தரம் வேகமா அழுத்தினா போகும். தப்பா அழுத்தினாலும் போகும்ங்கிறதால, முன்னாடியே நாலஞ்சு தரம் அழுத்திப் பார்த்து விரலுக்குப் பழக்கிடுங்க, கூப்பிடுறதுக்கு முன்னாடி வர்ற கவுண்ட்டவுன்ல நிறுத்திடலாம். ரோட்ல கத்தணும்னா "தோலோங்!" (காப்பாத்துங்க) அங்கே எல்லாருக்கும் புரியும்.

பாலியல் வன்முறை நடந்தா போலீஸ் நிலையத்தைத் தேடி அலைய வேண்டாம். பெரிய அரசு ஆஸ்பத்திரியோட அவசரப் பிரிவுக்கு நேரா போங்க. மலேசியாவுல அங்கேயே ஒரே இடத்துல சிகிச்சை, ஆதாரம் எடுக்கிறது, போலீஸ் புகார் மூணையும் பார்க்கிற ஏற்பாடு இருக்கு. போறதுக்கு முன்னாடி குளிக்காதீங்க, வாய் கொப்பளிக்காதீங்க, உடை மாத்தாதீங்க. மாத்தியிருந்தா பழைய உடையைக் காகிதப் பையில போடுங்க. பிளாஸ்டிக்ல ஈரம் தங்கி ஆதாரம் கெட்டுடும். எச்ஐவி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கருத்தடை அவசர மாத்திரையும் அதே கணக்குதான். தூதரகத்துக்குச் சொல்றது இதுக்கு அப்புறம், ஆனா கட்டாயம் சொல்லணும். மொழிக்கு ஆள், வழக்கறிஞர் விவரம் கேக்கலாம்.

குடிக்கிற விஷயம். மது தொடாதவங்க "எனக்கென்ன"ன்னு இருந்துடுவாங்க. மயக்க மருந்து ஜூஸ்லயும் கலக்கும். மூடி திறக்காத பாட்டில், இல்ல கண் முன்னாடி ஊத்தினது. கழிப்பறை போயிட்டு வந்தா அந்த கிளாஸை விட்டுடுங்க, காசு போனா போகட்டும். குடிச்ச அளவுக்குச் சம்பந்தமில்லாம திடீர்னு தலை சுத்தினா தனியா ரூமுக்குப் போகாதீங்க. கடை ஊழியர்கிட்ட, அதுவும் பெண் ஊழியர்கிட்ட, ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொல்லுங்க.

மாத்திரை கொண்டு போனா அட்டையோட, டாக்டர் சீட்டோட. பிச்சுப் போட்ட மாத்திரைக் கவர் எந்த ஊர் சுங்கத்துலயும் தலைவலி. திரும்பும்போது டிக்கெட் மலிவா இருக்குன்னு சிங்கப்பூர் வழியா மாத்திக்கிட்டா, அம்மா கட்டிக் கொடுத்த மசாலாவுல கசகசா இருக்கான்னு பாருங்க. அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். குரங்கு கடிச்சாலோ நகத்தால கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடுற தண்ணியில கழுவிட்டு, அன்னைக்கே ரேபிஸ் ஊசிக்குப் போகணும். ஊருக்கு வந்து பார்த்துக்கலாம்னு விடாதீங்க.

சுங்கச்சாவடி_636

பாஸ்போர்ட் தொலையிற விஷயத்தைச் சொல்ல மறந்துட்டேன். முதல்ல பக்கத்துக் காவல் நிலையத்துல, அங்கே "பாலாய் போலிஸ்"னு சொல்வாங்க, புகார் எழுதி நகல் வாங்கணும். அந்த நகலோட தூதரகத்துக்குப் போனா ஊர் திரும்ப மட்டும் செல்லுற அவசரச் சான்றிதழ் கொடுப்பாங்க. இதோட முடிஞ்சுதுன்னு நேரா விமான நிலையம் போகக் கூடாது. தொலைஞ்ச பாஸ்போர்ட்லதான் உள்ளே வந்த பதிவு இருந்தது, அதனால மலேசியக் குடிநுழைவுத் துறையில வெளியேற அனுமதி வாங்கணும். வார இறுதி குறுக்க வந்தா ரெண்டு மூணு நாள் ஆயிடும். பினாங்குல தொலைச்சாலும் கோலாலம்பூர் வந்துதான் ஆகணும். அதனால பினாங்கை முதல்ல முடிச்சிட்டு, கடைசி நாலு நாள் கோலாலம்பூர்ல இருக்கிற மாதிரி போட முடியுமான்னு பாருங்க. பாஸ்போர்ட் முதல் பக்கத்து நகலையும் ரெண்டு போட்டோவையும் தனியா வைங்க.

மிளகுக்கொடி_ஏற்காடு

குறிச்சுக்கிட்டேங்க. பினாங்கு முதல்ல, அப்புறம் கோலாலம்பூர்னு மாத்திடுறேன். ஹோட்டல்ல யாராவது "தனியாவா வந்திருக்கீங்க"ன்னு கேட்டா என்ன சொல்றது? இமிக்ரேஷன்ல உண்மைன்னீங்க.

அஸ்தம்பட்டி_அக்கா

அதிகாரிகிட்ட எப்பவும் உண்மை. லிஃப்ட்ல, டாக்ஸியில, கோயில் படியில கேக்கிறவங்களுக்கு உண்மை சொல்லணும்னு எந்தக் கடனும் இல்ல. "அக்கா ரூம்ல இருக்காங்க, சாயங்காலம் சேர்ந்து வெளியே போறோம்." அவ்வளவுதான். விரிவாப் பொய் சொல்லாதீங்க, மறந்துடும். எந்த ஹோட்டல்னு கேட்டா பக்கத்து ரயில் நிலையத்துப் பேரைச் சொல்லுங்க. உங்களோட லிஃப்ட்ல ஏறினவர் மாடிப் பட்டனை அழுத்தாம நின்னா, நீங்களும் அழுத்தாதீங்க. "பெட்டியை மறந்துட்டேன்"னு இறங்கிடுங்க.

திரும்பி வர்ற ராத்திரிக்கும் ஒரு ஏற்பாடு பண்ணுங்க. ஊருக்கு வந்துட்டோம்னு கவனம் விட்டுடும். நடுராத்திரி திருச்சியில இறங்கி, தூக்கக் கலக்கத்துல பெட்டியோட தனி ஆட்டோ பிடிச்சு, பாதி காலியா இருக்கிற பஸ்ல சேலம் வந்து இறங்கினா விடியாது, மலைக்கு பஸ்ஸும் இருக்காது. விடியற வரைக்கும் விமான நிலையத்துக்குள்ளேயே உட்கார்ந்திருங்க, இல்ல வீட்ல யாரையாவது வரச் சொல்லுங்க. தமிழ்நாட்டுப் பெண்கள் உதவி எண் 181, போலீஸ் 112. "காவல் உதவி" ஆப்பை இப்பவே போன்ல ஏத்திடுங்க. வீட்ல ஃபிரிட்ஜ் மேல ஒட்டுற தாளை, நீங்க ஏற்காடு வந்து சேர்ந்ததும்தான் கிழிக்கணும்.